தலை சாய்ந்த கதிர்

நான் சொல்லப்போவதை முழுசாக நம்பிவிடாதீர்கள் சார். பல வருஷமாக நானே இதைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் எனக்கு ஒன்று சொன்னார். நான் கேட்டேன். அதன்படி செய்தேன். அவர் சொன்னது எவ்வளவு, என் காதில் விழுந்தது எவ்வளவு, நடுவில் என் ஆசை சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உங்கள் காலடியில் இருக்கிற மூட்டை சூப்பர் பாஸ்பேட்தானே? புளிப்பாக ஒரு வாடை வருகிறதே, அதிலேயே தெரிந்துவிட்டது. போளூரில் நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது தள்ளி உட்காரலாமா என்று பார்த்தேன். வேறு சீட் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போடாதீர்கள் என்று சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். நல்ல உரம். வேர் இறங்கும், தூர் கட்டும், மணி பிடிக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பு எதுவும் இருந்ததில்லையே? உங்கள் தாத்தா காலத்தில்கூட? வீட்டில் விசாரித்து வையுங்கள்.

கண்ணமங்கலத்தில்தானே இறங்குகிறீர்கள்? அதற்குள் சொல்லிவிடுவேன். நான் வேலூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். என் பெயர் ஏகாம்பரம். பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். இரண்டு கழனி. ரோட்டை ஒட்டி மேல்கழனி. ஆற்றை ஒட்டி, பள்ளத்தில், கீழ்க்கழனி.

கீழ்க்கழனிக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பு இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலில் மயிரை எடுக்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்களாம். சுண்ணாம்போடு ஒரு கல்லுப் பொடியையும் கலப்பார்களாம். மஞ்சளாக, சில சமயம் சிவப்பாக இருக்குமாம். எல்லாம் பாஷாணம். இங்கிலீஷில் ஆர்சனிக். குழித்தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? ஓடிய இடம்தான் எங்கள் கீழ்க்கழனி. ஷாப்பை மூடிய பிறகு குழிகளைத் தூர்த்து, செம்மண் அடித்து, மேலே வேலிக்காத்தான் முளைத்து, எல்லோரும் மறந்துவிட்டார்கள். மண் மறக்கவில்லை போலிருக்கிறது. இதுகூட எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். என் மச்சான், தயாளன். என் வீட்டுக்காரியின் அண்ணன். இப்போது திருவண்ணாமலையில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அப்பா காலத்தில் அது மானாவாரி. கம்பு போடுவார், துவரை போடுவார், வந்தால் வரும். நான்தான் போர் போட்டு, சேறு கலக்கி, நெல் நட்டேன். பயிர் என்ன வளர்த்தி என்கிறீர்கள். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. கதிர் வெளியே வந்தது. வந்த கதிர் அப்படியே நின்றது. நெல் என்றால் பால் பிடித்து, மணி முற்றி, தலை சாய வேண்டும் இல்லையா? சாயவே இல்லை. குச்சி மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர். உமிகூடக் கிளி மூக்கு மாதிரி வளைந்து கிடந்தது.

ஊரே வரப்பில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. "ஏகாம்பரம், உன் நெல்லு இன்னாய்யா, சுதந்திர தினத்துக்கு அட்டென்ஷன்ல நிக்குது?" என்று ஒருவன். "அவங்க வூட்டு நெல்லு யாருக்கும் தலை வணங்காதுப்பா" என்று இன்னொருவன். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த போகமும் அதே கதை. விதையை மாற்றினேன். நடவை முன்னே பின்னே செய்து பார்த்தேன். துத்தநாகம் போட்டேன். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினேன். கதிர் நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் தங்கையைப் பார்க்க ஆடி கிருத்திகைக்கு வந்தார். அவர் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார். ஆபீசர் இல்லை. ஆபீசர்கள் ஆராய்ச்சிக்கு வளர்க்கிற செடிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தண்ணீர் அளப்பது, உரம் கரைப்பது, வேரைக் கழுவி எடை போடுவது. கீழ்க்கழனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கதிரை ஒடித்து, உமியை நகத்தால் பிரித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இங்க முன்னாடி இன்னா இருந்துச்சு மாப்ள?"

தோல் ஷாப்பு பற்றிச் சொன்னேன். பிறகு வரப்பில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் சார் இந்தக் கதையே. என் நினைவில் இருக்கிற மாதிரி சொல்கிறேன்.

"பாஷாணமும் பாஸ்பரஸும் அச்சு அசல் ஒரே ஜாடை. வேருக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டும் ஒரே வாசல்ல நுழையிற சரக்கு. எங்க ஆபீசர் ஒருத்தர் தொட்டி தொட்டியா நெல்லு வளத்து, பாஷாணத்தைக் கலந்து வுட்டு, சிலதுக்கு பாஸ்பரஸ் கம்மியா, சிலதுக்கு ஜாஸ்தியா குடுத்துப் பார்த்தாரு. ஜாஸ்தியா குடுத்ததுல பாஷாணம் கம்மியாத்தான் ஏறிச்சு. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"வாசல்ல பாஸ்பரஸ் கும்பலா நின்னுச்சுன்னா பாஷாணத்துக்கு எடம் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸு மாதிரி. அவ்ளோதான்."

தொட்டி என்றார். அது எனக்குக் கண்டிப்பாக நினைவிருக்கிறது. தொட்டியில் மண் இருந்ததா, வெறும் தண்ணீர் இருந்ததா? அவர் சொன்னாரா, சொல்லவில்லையா? இந்த ஒரு விஷயத்தில்தான் சார் நான் இத்தனை வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் என்று சொன்ன மாதிரியும் இருக்கும். சொல்லாத மாதிரியும் இருக்கும். அவர் வாய் அசைவது தெரியும். என்ன சொல்கிறார் என்று கேட்காது.

நான் என்ன கேட்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "சூப்பர் போட்டா தலை சாயுமா மச்சான்?"

"சாயும்" என்றார்.

போட்டேன். மற்றவர்கள் போடுகிற அளவுக்கு மேலேயே போட்டேன். நடவுக்கு முன்னால் ஒரு தடவை, களை எடுத்த பிறகு ஒரு தடவை. அந்தப் போகம் கதிர் வந்தது. பால் பிடித்தது. ஒரு நாள் காலையில் கஸ்தூரி வரப்பிலிருந்து ஓடி வந்தாள். கஸ்தூரி என் வீட்டுக்காரி. மூச்சு வாங்க நின்று, "என்னாங்க, தலை சாஞ்சுடுச்சு" என்றாள். போய்ப் பார்த்தேன். கழனி முழுக்க, காற்றே இல்லாமல், அப்படியே குனிந்து நின்றது. அவள் அழுதுவிட்டாள். ஊரெல்லாம் போய், "எங்க அண்ணன் சொன்ன உரம்" என்று சொன்னாள். யார் கேட்டாலும் அண்ணன், கேட்காவிட்டாலும் அண்ணன்.

எனக்கு அன்றைக்கே ஒரு பயம் வந்தது. சும்மா சொல்லவில்லை. நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வாசலில் இடம் கிடைக்காத பாஷாணம் எங்கே போயிற்று? அங்கேயேதானே நிற்கும்? உரக் கும்பல் ஒரு நாள் கலையத்தானே செய்யும்? இப்படியெல்லாம் யோசனை. கஸ்தூரியிடம் சொல்லவில்லை. அவள் அண்ணன் விஷயம்.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. சந்தேகம் இருக்கிற நெல்லை விற்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எவனோ ஒருவன், யார் பெற்ற பிள்ளையோ, நம்மை நம்பி வாங்கிச் சாப்பிடுவான். அவனுக்கு ஒன்று ஆனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? அதற்காக நெல்லைக் கொட்டிவிடவும் முடியாது. அன்னம் சார். கொட்டுகிறதுக்குக் கை வருமா? நீங்களும் விவசாயிதானே, உங்களுக்கு வருமா? அதனால் மேல்கழனி நெல்லை முழுக்க வியாபாரிக்குப் போட்டேன். கீழ்க்கழனி நெல்லை வீட்டுக்கு வைத்துக்கொண்டேன். ஒரு மணிகூட வெளியே விற்றதில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்த விஷயத்தில் யாரும் என்னை நோக்கி விரல் நீட்ட முடியாது.

இதற்கும் ஊரில் பேச்சு வந்தது. நெல் வியாபாரி முனிரத்தினம் களத்துக்கு வந்து கீழ்க்கழனி நெல்லை அள்ளிப் பார்த்து, "இன்னாமா மணி திரண்டிருக்குது. இதை வூட்ல வச்சிக்கினு அதைப் போடறியே. உனுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணாய்யா?" என்றான். "ஆமாய்யா, நல்லதை நானே துன்றேன்" என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்ல முடியும்? சுயநலக்காரன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டேன்.

என் விஷயம் வேறு. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் களி, ராத்திரி சப்பாத்தி. ஆசைக்கு இரண்டு கவளம் சோறு தொடுவேன், அவ்வளவுதான். பெண் பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கடை அரிசிதான். மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்டால் மாப்பிள்ளை வேண்டாம் என்பார். முன்பெல்லாம் அதில் எனக்கு வருத்தம்.

கஸ்தூரிக்குச் சோறுதான் சார். காலையில் பழையது, மதியம் சுடுசோறு, ராத்திரி மிச்சம். எனக்குச் சப்பாத்தி சுட்டுப் போட்டுவிட்டு அவள் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு உட்காருவாள். "நம்ம கழனி சோறு மணமே தனி" என்பாள்.

பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. மண் பற்றிப் பேச ஒரு அம்மா வந்திருந்தார். சின்ன வயசுதான். பொறுமையாகப் பேசினார். கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னார்கள். நான் எழுந்து, "என் பக்கத்துக் கழனிக்காரர் ஒருத்தர்ங்க. அவர் நிலத்துல பழைய தோல் ஷாப்பு தண்ணி ஓடியிருக்கு. சூப்பர் நிறைய போட்டா பாஷாணம் ஏறாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அது சரிங்களா?" என்று கேட்டேன்.

பின்னால் இருந்து ஒருவன், "யோவ், எந்தப் பக்கத்துக் கழனி? உன் கழனிக்கு ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் முள்ளுக்காடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"தண்ணியில மட்டும் வளர்த்துப் பார்த்தா அது சரிங்க. மண்ணுல கதை வேற. மண்ணு பாஷாணத்தைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கும். நீங்க பாஸ்பரஸை அள்ளிக் கொட்டினா மண்ணு அதை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கும். விட்டது தண்ணியில கலந்துடும். நெல்லுக்கு வேற தண்ணி கட்டி நிறுத்துறீங்க. காத்து போகாத அந்தச் சேத்துல பாஷாணம் வேற ரூபம் எடுக்கும். அது வேற வாசல் வழியா வேருக்குள்ள போகும். அந்த வாசல்ல பாஸ்பரஸ் தடுக்காது. சில மண்ணுல குறையலாம், சில மண்ணுல கூடவும் செய்யலாம். மண்ணைப் பார்க்காம நான் சொல்லக்கூடாது."

இருந்தாலும் விடவில்லை. "கதிர் முன்னாடி நிமிந்து நின்னுச்சாம். இப்ப தலை சாஞ்சு நல்லா மணி பிடிக்குதாம். அப்படின்னா பாஷாணம் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"பயிருக்குத் தாங்குற பலம் வந்திருக்குன்னு அர்த்தங்க. அரிசியில இருக்கா இல்லையான்னு கதிரைப் பார்த்து சொல்ல முடியாது. அவரை மண்ணும் அரிசியும் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. டெஸ்ட் பண்ணிடலாம். அதுவரைக்கும் அந்த அரிசியைச் சாப்பிட வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன்.

சொன்னேன் சார். எனக்கு நானே தினமும் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் செய்து இருக்கிறது என்று வந்துவிட்டால்? ஒரு ஊரில் ஒரு கழனி கெட்டது என்றால் மற்றக் கழனி நெல்லை எவன் வாங்குவான்? முனிரத்தினம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட மாட்டானா? ஊர் நெல்லுக்கே கெட்ட பேர். என் ஒருவனுக்காக ஊரைக் கெடுக்க வேண்டுமா? அறுப்பு முடியட்டும் என்று பார்த்தேன். பிறகு மழை. பிறகு பெண்ணுக்குப் பிரசவம், ஒரு மாசம் பெங்களூர். நாள் போய்விட்டது.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு போகம் சூப்பரை நிறுத்திப் பார்த்தேன். கதிர் மறுபடியும் நிமிர்ந்து நின்றது. பழைய மாதிரியே, கிளி மூக்கும் பதருமாக. வரப்பில் நின்று பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நோய் இல்லை, இத்தனை நாளாக இந்தப் பயிர் நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, நாம்தான் அதற்குப் பலம் கொடுத்து வாயை அடைத்தோம் என்று தோன்றியது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் கஸ்தூரி வந்து பக்கத்தில் நின்றாள். "ஏன் இந்த வாட்டி அண்ணன் சொன்ன உரம் போடல?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த போகம் போட்டேன். தலை சாய்ந்தது.

அதோ, முன்சீட்டில் ஒரு அம்மா கண்டக்டரிடம் கையை நீட்டிச் சில்லறை வாங்குகிறார்களே, பார்த்தீர்களா? நான் உள்ளங்கையைத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன்.

போன மாசி மாசத்தில் ஒரு நாள் கஸ்தூரி எனக்குத் தண்ணீர்ச் சொம்பு கொடுத்தாள். வாங்கும்போது அவள் கை என் கைமேல் பட்டது. உப்புத்தாள் மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கம்பு மணி அளவுக்குச் சின்னச் சின்னதாக, கெட்டியாக, முண்டு முண்டாக. பாதத்தைக் காட்டச் சொன்னேன். அங்கேயும்.

"எத்தினி நாளா இருக்குது?"

"அது கிடக்குது வுடுங்க. கழனி வேலை செய்யற கை வேற எப்படி இருக்கும்? பூப்போல இருக்குமா?"

நானும் கழனி வேலை செய்கிறவன்தான் சார். மண்வெட்டி பிடிக்கிறவன். என் கையைப் பாருங்கள். காய்ப்பு இருக்கிறது, விரல் அடியில் மட்டும். அவளுக்கு அப்படி இல்லை. பிறகு ஒரு நாள் அவள் முடியைத் துவட்டிக்கொண்டு நிற்கும்போது கழுத்துக்குக் கீழே பார்த்தேன். தோல் கறுத்திருந்தது. கறுப்புக்கு நடுவே வெளுப்பாகப் புள்ளி புள்ளியாக. புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் சோறு பிசைகிற சத்தம் கேட்டாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறேன். ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டு வந்து போட்டேன். "நம்ம அரிசி மூட்டை மூட்டையா கிடக்கச்சே இது எதுக்கு?" என்றாள். வண்டு பிடித்துவிட்டது என்றேன். அவள் முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வண்டும் இல்ல, உங்களுக்குத்தான் கண்ணு தெரியல" என்று மறுபடி அதையே ஆக்கினாள். பிடுங்கிக் கொட்டியிருக்கலாம். அப்படிக் கொட்டினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் நான் என்ன சொல்வது? உன் அண்ணன் என்று ஆரம்பிப்பதா, நான் என்று ஆரம்பிப்பதா?

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். தோல் டாக்டர் உள்ளங்கையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, அரிசி கடையா சொந்தமா என்று கேட்டார். "சொந்தம்" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். நகத்தை வெட்டி ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். முடியும் கொஞ்சம். ரிசல்ட் அடுத்த வாரம் வரும். வெளியே வந்ததும், "டாக்டரு ஏங்க அரிசியைப் பத்திக் கேட்டாரு?" என்றாள். எல்லோரையும் கேட்பார்கள் என்றேன். அப்போதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்கிறீர்கள்.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் இன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் திருவண்ணாமலை போனேன். அவளிடம் உர விஷயமாக என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

மச்சான் ரிட்டயர்டாகி மாடியில் தொட்டிச்செடி வளர்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் அவர் மட்டும்தான். அவர் சம்சாரம் கிரிவலப் பாதையில் யாருக்கோ சாப்பாடு கொடுக்கப் போயிருந்தார்கள்.

"வாங்க மாப்ள. தங்கச்சி வரல?"

"கை வலி. வரல." வேறெதுவும் சொல்லவில்லை. உட்காராமலே கேட்டேன். "மச்சான், ஆடி கிருத்திகைக்கு வந்தப்ப வரப்புல உக்காந்து சொன்னீங்களே. தொட்டியில நெல்லு வளத்தாங்கன்னு. அந்தத் தொட்டியில இருந்தது மண்ணா, தண்ணியா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது சார். எது, எப்போது, என்ன தொட்டி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருவர் கேட்டால் யோசிக்க மாட்டார்களா?

"தண்ணிதான்" என்றார். "மண்ணே கிடையாது. வேர் தெரியணும் இல்ல."

"அதை அன்னிக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியிருப்பேன் மாப்ள."

"சொல்லியிருப்பேனா, சொன்னேனா?"

பூவாளியைக் கீழே வைத்தார். "நீங்க இன்னா கேட்டீங்க? தலை சாயுமான்னு கேட்டீங்க. சாயும்னு சொன்னேன். சாஞ்சுதா இல்லியா? பயிரைப் பத்திக் கேட்டா பயிரைப் பத்திச் சொல்வேன். அந்த நெல்லை இன்னா பண்ணுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? விக்கறீங்கன்னு நினைச்சேன்."

விற்கிறேன் என்று நினைத்தாராம். என்னை அவர் அவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சட்டென்று இன்னொன்று தட்டியது. விற்கிறேன் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்? வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் இதே பஸ்ஸில் ஒரு சிப்பம் புது அரிசி கொண்டுபோய், தின்பண்டங்களோடு சேர்த்து அவர் வீட்டில் இறக்கிவிட்டு வருவேனே. நன்றிக்கு. கஸ்தூரியே புடைத்து, கல் பொறுக்கி, கட்டிக் கொடுப்பாள். "இது கீழ்க்கழனி அரிசி மச்சான், உங்க உரத்துல விளைஞ்சது" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவரும், "வீட்டுக்குத்தான் வச்சிக்கிறீங்களா? நல்லது" என்பார்.

"உக்காருங்க, சாப்பிட்டுப் போலாம். சாம்பார் ஆறிடும்" என்று அவரே இலை போட்டார். நான் உட்கார்ந்தேன். சோற்றைக் கரண்டியால் அள்ளி வைத்தார். ஆவி பறந்தது. குண்டரிசி. எங்கள் அரிசியும் அப்படித்தான் இருக்கும். கடையில் விற்கிறதும் அப்படித்தான் இருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியாது. அவர் உள்ளங்கையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கரண்டிக் காம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிவிட்டார். கை திரும்பவே இல்லை.

இவர் இதைத் தின்றிருந்தால், தான் சொன்னதை இவரும் நம்பியிருக்கிறார், நான் அவருக்கும் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறேன். தின்னவில்லை என்றால், தன் தங்கை தின்பது தெரிந்தும் இவர் மட்டும் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டிருக்கிறார். இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் வீடு திரும்ப முடியாது. இரண்டில் எது என்று தெரிந்தாலும் முடியாது.

இலையில் கை வைக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"மச்சான், பொங்கலுக்குப் பொங்கல் நான் கொண்டாந்து குடுத்தேனே, அந்த அரிசியை நீங்க ஒரு நாளாவது ஆக்கிச் சாப்பிட்டீங்களா?"